ஆறாம் கட்டிலும் பதினோராம் கட்டிலும்

எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் வடக்குச் சுவரோரமாக ஆறு கட்டில்கள் இருந்தன. அவற்றில் மனம் ஒப்பிப் படுத்த நோயாளி ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. தலைமாடு வடக்கே இருந்ததுதான் காரணம். நம்மவர்களுக்கு அதைவிடப் பெரிய வருத்தம் வேறு வேண்டுமா? நாலு நாள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்தவரும் கட்டிலைக் கண்டதும் நடுக்கத்தை மறந்து திசை பார்ப்பார். "யானையே வடக்க தல வச்சுப் படுத்துத்தானே தலையக் குடுத்த, மிஸி" என்று பிள்ளையார் கதையை எனக்கே சொல்லித் தருவார்கள். எங்கள் பக்கத்தில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

கட்டிலைத் திருப்பிப் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சேலைன் போத்தல் தொங்கவிடும் கொக்கிகள் எல்லாம் சுவரில் அடித்திருந்தன. தலைமாடு நடுவழிக்கு வந்தால் சாப்பாட்டு வண்டில் போகிற வருகிற நேரமெல்லாம் தலையில் முட்டும். ஆகவே கட்டில்கள் திரும்பவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள். எதிரே தெற்குப் பக்கத்தில், சன்னல்களின் கீழ், ஏழு முதல் பன்னிரண்டு வரை இருந்தன. நாங்கள் மருந்தறைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்றாம் கட்டில்காரர் ஒன்பதில் இருப்பார். ஒன்பதாம் கட்டில்காரர் கிறிஸ்தவ வேதக்காரராகவோ, திசை பார்க்காத தைரியசாலியாகவோ இருந்தால் மூன்றில் கிடந்து சிரிப்பார். வாட்டுக்குப் பொறுப்பான பெரிய மிஸி தலையில் அடித்துக்கொள்வார்.

எங்கள் ஆஸ்பத்திரி படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே, வயல் நாட்டில் இருந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்தும் பழுகாமப் பக்கத்திலிருந்தும் உழவு மிசின் என்கிற ட்ரக்டரின் பெட்டியில் வைக்கோல் போட்டு ஆட்களைக் கொண்டுவருவார்கள். எங்களிடம் ஒரு டொக்டர், சில மருந்துகள், நிறையப் பொறுமை. வெட்டித் தைக்க வேண்டியவர்களைப் பாதையில் ஏற்றி அக்கரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பாதை என்றால் எங்களுக்குத் தெரு அல்ல, வாவியைக் கடக்கிற தட்டையான மோட்டார்த் தெப்பம். அது சண்டை வருடங்கள். அக்கரையில் ஒருவர் அதிகாரம், இக்கரையில் இன்னொருவர் அதிகாரம். நடுவே வாவி ஒன்றும் தெரியாதது போலக் கிடந்தது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று எங்களுக்கு மூன்று வோக்கிகள் தந்தது. கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி, தலையில் தடித்த குட்டை வால், பக்கத்தில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒன்று வாட்டில், ஒன்று டொக்டரிடம், மற்றது அக்கரைத் துறையில் அம்புலன்ஸ் சாரதியிடம். அதற்கு முன்னர், ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறினால் மழையோ வெயிலோ ஒருவர் டொக்டரின் குவாட்டர்சுக்கு ஓட வேண்டும். துறையில் நின்று வெள்ளைப் படங்குத் துணியை ஆட்டி, அக்கரைக்குக் கேட்கக் கத்த வேண்டும். அம்புலன்ஸ் வந்ததா, வராமல் விட்டதா என்று பாதை கரைதட்டிய பிறகுதான் தெரியும். வோக்கி வந்த பிறகு அந்தக் கத்தல் நின்றது.

இரண்டு அதிகாரங்களிடமும் அனுமதி வாங்கினோம். இருவரும் கேட்டது ஒன்றைத்தான். எந்த அலைவரிசையில் பேசுவீர்கள்? சொன்னோம். சொல்லாமல் வோக்கி வைத்திருப்பதற்கு எங்களுக்கு ஒன்றும் விசர் பிடிக்கவில்லை. சுற்றி வளைத்துப் பேசக் கூடாது, விளங்கும்படி பேச வேண்டும் என்றார்கள். அதற்கும் தலையாட்டினோம். நாங்களாகப் போட்டுக்கொண்ட விதி ஒன்று உண்டு. நோயாளியின் பெயரையும் ஊரையும் வோக்கியில் சொல்லக் கூடாது. யார் எந்தப் பெயரைத் தேடிக்கொண்டு இருக்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? ஆகவே கட்டில் இலக்கத்தைச் சொன்னோம். டொக்டர் ஒரு மருந்தைச் சொன்னால் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் ஊசியில் ஏற்ற வேண்டும் என்பதும் விதி.

நன்மை இல்லாமல் இல்லை. நாலாம் கட்டிலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலிப்பு வந்தபோது டொக்டர் குவாட்டர்சிலிருந்து ஓடிவருகிற வழியிலேயே என்ன மருந்து, எவ்வளவு என்று மூச்சிரைக்கச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன், போட்டேன். அவர் வாட்டுக்குள் கால் வைக்கும்போது வலிப்பு அடங்கியிருந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அன்றைக்கு அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொஞ்சவேண்டும் போல இருந்தது.

அதே பெட்டி இன்னொரு நாள் ஆளைக் கொல்லப் பார்த்தது. மூன்றாம் கட்டிலுக்கு இன்சுலின் போடச் சொன்னார் டொக்டர். திருப்பிச் சொன்னேன். ஊசியோடு போய், பழக்கதோஷத்தில், "பேர் என்ன அம்மா?" என்று கேட்டேன். வேறு பேர் வந்தது. சீனி வருத்தக்காரி வடக்குக்குப் பயந்து ஒன்பதுக்குப் போய்விட்டிருந்தாள். மூன்றில் கிடந்தது வயிற்றோட்டத்தோடு வந்த ஒரு பாவம். பெரிய மிஸி அன்று போட்ட சத்தம் அக்கரைக்கு வோக்கி இல்லாமலே கேட்டிருக்கும். "கட்டில் மாறினா ஆள் மாறும்! ஆள் மாறினா சவந்தான் விழும்!" என்று வாட்டின் நடுவில் நின்று கத்தினார். பிறகு கட்டில் இலக்கங்களைச் சுவரில் பெரிதாகச் சிவப்பு மையில் எழுதுவித்தார். கொஞ்ச நாள் எல்லோரும் அடங்கிக் கிடந்தார்கள்.

எங்கள் வெள்ளை உடுப்பின் பையில் வோக்கி அடங்காது. லீவில் அக்கரைக்குப் போனபோது காத்தான்குடியில் ஒரு தையல்காரரிடம் அளவு சொல்லி, தோளில் மாட்டுகிற ஒரு துணிப்பை தைக்கக் கொடுத்தேன். "என்ன மிஸி, கைப்புள்ளக்கிச் சட்டையா?" என்று சிரித்தார் அவர். பையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது துறையில் சோதனை. முன்னால் நின்றவன் சின்னப் பொடியன், சீருடை அவனுக்குப் பெரிது. என்ன வேலை, எங்கே போகிறாய் என்று கேட்டான். சொன்னேன். அவன் தலையைச் சரித்து என் குரலைக் கேட்டான். பிறகு உடைந்த தமிழில், "நாலாம் கட்டில் அம்மா... பேபி... சுகமா?" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நல்ல சிரிப்பு. சுகம் என்று தலையாட்டிவிட்டுப் பாதையில் ஏறினேன்.

இக்கரையில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். பின்னால் சைக்கிள் உருட்டிக்கொண்டு வந்த ஒருவர் என்னோடு ஒட்டினார். நான் முன்பின் கண்டிராத முகம். "முந்தநாள் ஏன் மிஸி உங்கட குரல் அடச்சிருந்திச்சு? கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க" என்றார். சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறி வட்டைப் பக்கமாக, அதாவது வயல்வெளிக்குள், போனார். அவருக்கும் எங்கள் நோயாளிகள் எல்லோரையும் இலக்கத்தில் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அறைக்குள் முகந்தெரியாத பலர் வந்து உட்காருவது போல எனக்கு இருந்தது. பெரிய மிஸியிடம் சொன்னேன். "கேக்கிறவன் கேக்கட்டும். நாம மருந்துதானே கதைக்கிறம்" என்றார். அவரும் அதற்குப் பிறகு வோக்கியில் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வட்டைக்காரர் வந்தார்.

கதிர் முற்றுகிற காலம். பன்றிக்கென்று யாரோ கட்டிவைத்த கட்டுத்துவக்கில், வரம்பால் நடந்த இந்த மனிதனின் கால் தட்டுப்பட்டிருக்கிறது. கம்பியில் கால் பட்டால் வெடிக்கிற துப்பாக்கி அது. முழங்காலுக்குக் கீழே சதைக்குள் இரும்புத் துண்டுகள். மனைவி தன் சேலையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். முப்பது வயது கூட இருக்காது அவருக்கு. மண்வெட்டியைத் தவிர வேறு ஒன்றையும் பிடிக்காத கை. ஆனால் சண்டைக் காலத்தில் காலில் வெடிக்காயம் உள்ள இளந்தாரியை யார் வட்டைக்காரன் என்று நம்புவார்கள்? அக்கரைக்காரருக்கு அவன் சண்டைக்காரன். இக்கரையில் அவன் தப்பி ஓடியவன், அல்லது ஆட்காட்டி. இரண்டு பக்கமும் சந்தேகப்படுவதற்கு ஒரு காயம் போதும்.

டொக்டர் காயத்தைக் கழுவிப் பார்த்தார். பெரியாஸ்பத்திரியில் வெட்டித் திறந்தால்தான் கால் மிஞ்சும் என்றார். அன்று மதியத்தோடு பாதையை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஆறாம் கட்டில் வெறுமையாக இருந்தது. அதில் போடச் சொன்னார் டொக்டர். நான் மருந்தறையில் பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தபோது என் வோக்கியில் அவர் அக்கரைச் சாரதியோடு பேசுவது கேட்டது. "ஆறாம் கட்டில். கால்ல வெடிக்காயம். நாளைக்குக் காலம பாதை ஓடினவுடனே அனுப்புறன், ரெடியா நில்லுங்க." சாரதி திருப்பிச் சொன்னார். "ஆறாம் கட்டில். கால்ல வெடிக்காயம். நாளைக்குக் காலம."

ஊசியோடு வாட்டுக்கு வந்தேன். ஆறாம் கட்டிலில் முட்டு வருத்தக்கார ஐயா சாய்ந்து கிடந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மழை தொடங்கினாலும் பனி தொடங்கினாலும் எங்களிடம் வந்துவிடுகிற கிழவர் அவர். சன்னலின் கீழ் பதினோராம் கட்டில் அவருக்கென்றே இருப்பது போல. வாவிக் காற்று நேரே முகத்தில் அடிக்கும். இப்போது அந்தப் பதினொன்றில் வட்டைக்காரர் கிடந்தார். மனைவி விசிறியோடு முன்னால் நின்றாள்.

எனக்கு ஏறிய கோபம் கொஞ்சமல்ல. வாயைத் திறக்கும் முன்பே அவள் சொன்னாள், "மிஸி, அடிக்கிறதெண்டா எனக்கு அடிங்க. அவர வடக்க தல வைக்க விடமாட்டன். இண்டைக்கு ஒரு நாளைக்குச் சாவ நானே கூப்பிட்டுக் குடுக்கிறதா?"

"நான்தான் மகள் எழும்பிக் குடுத்த" என்றார் ஐயா ஆறிலிருந்து. "எனக்கு எந்தத் திக்கும் ஒண்டுதான். பொடியன் வாழவேண்டிய ஆள்."

பெரிய மிஸி சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து திட்டிக்கொள்ளட்டும் என்று ஊசியைப் போட்டுவிட்டு வந்தேன். அவர் வருவதற்கு முன் அந்த மூன்று பேரும் வந்துவிட்டார்கள்.

பின்னேரம் பார்வையாளர் நேரம். சாரமும் சேட்டும் உடுத்த மூன்று ஆண்கள். யாருடைய ஆட்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் அது கேட்கக்கூடிய கேள்வியும் அல்ல. முன்னால் வந்தவர் மரியாதையாகச் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். பிறகு என்னிடம், "ஆறாம் கட்டில் எது, மிஸி?" என்று கேட்டார்.

ஆளின் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. இலக்கத்தைக் கேட்டார். அந்த இலக்கம் வாட்டுக்கு வெளியே வோக்கியைத் தவிர வேறெங்கும் சொல்லப்படவில்லை. ஒரு கையைத் துணிப்பைக்குள் விட்டு வோக்கியைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையால் ஆறாம் கட்டிலைக் காட்டினேன். பொய் சொல்லவில்லை. சுவரில் சிவப்பாக ஆறு என்று எழுதியும் இருந்தது.

மூவரும் போய்க் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஐயா இழுத்த இழுப்பு வாட்டு முழுக்கக் கேட்டது.

"கால்ல என்ன காயம்?" என்றார் முன்னவர்.

"கால்ல ஒண்டும் இல்ல தம்பி. நெஞ்சுதான் ஏலாது." ஐயா தானாகவே போர்வையைத் தூக்கிக் காட்டினார். விறகுக் குச்சி போன்ற இரண்டு கால்கள், மூட்டு வீங்கி, பாதம் வெடித்து.

அந்த நேரம் வாட்டில் இருந்த அத்தனை பேருக்கும் எல்லாம் தெரியும். நோயாளிகள், பார்க்க வந்தவர்கள், சோறு கொண்டு வந்தவர்கள் எல்லோருக்கும். ஒரு கண்கூடப் பதினோராம் கட்டில் பக்கம் போகவில்லை. எல்லோரும் கூரையையோ தங்கள் கைகளையோ பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் விசிறி மட்டும் நின்றுபோயிருந்தது. முன்னவர் மெதுவாக வரிசை முழுவதும் பார்வையை ஓட்டினார். பதினொன்றில் கொஞ்சம் நின்றதா, நிற்கவில்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. போர்வை காலை மூடியிருந்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், "நல்ல குரல் மிஸி உங்கட. தெளிவாக் கேக்குது."

அவர்கள் போன பிறகு மனைவி கட்டிலின் கீழே தரையில் உட்கார்ந்து வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதாள். நானும் மருந்தறைக்குள் போய் அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது, பயந்துதான் அழுதேன்.

விடிந்தபோது வட்டைக்காரரின் கால்விரல்கள் குளிர்ந்து, நிறம் மாறியிருந்தன. டொக்டர் பெருவிரலை அழுத்தினார். அழுத்திய இடம் வெள்ளையாகவே நின்றது. என்னையும் பெரிய மிஸியையும் மருந்தறைக்குள் கூப்பிட்டார். "மத்தியானத்துக்குள்ள கத்தி வைக்காட்டி கால் போயிரும். இன்னும் பிந்தினா ஆளே போயிருவார்" என்றார். பாதை ஓடத் தொடங்கிவிட்டது. அக்கரைக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொண்டுபோனால் பாதையும் நிற்காது, அம்புலன்சும் வேறு எங்காவது போயிருக்கும், வெயிலில் கிடந்து அந்தக் கால் செத்துவிடும். சொன்னால், ஆறாம் கட்டில் இன்று கடக்கிறது என்று கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். துறையில் காத்திருப்பார்கள். உயிரைக் காக்கத் தந்த பெட்டி மேசையில் கிடந்தது, அதைத் தொட மூன்று பேருக்கும் கை வரவில்லை.

பெரிய மிஸிதான் முதலில் வாய் திறந்தார். "அவர் இப்ப எந்தக் கட்டில்ல?"

"பதினொண்டில" என்றேன். திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன்.

"பதினொண்டில இரிக்கிற ஆள் பதினொண்டுதானே?" என்றார். "பதினொண்டு போகுது எண்டு சொல்லு. பொய் ஒண்டும் இல்லையே."

அத்தனை வருடம் கட்டில் மாறியவர்களைத் துரத்தித் துரத்தித் திட்டிய மனுஷி அவர். டொக்டர் வோக்கியை எடுத்து என் கையில் தந்தார். "நீங்க சொல்லுங்க. உங்கட குரல்தானே எல்லாருக்கும் பழக்கம்" என்றார்.

பொத்தானை அழுத்தினேன். "ஆறாம் கட்டில் வாறது இல்ல. பதினோராம் கட்டில் வருது. அவசரம். பாதையை நிப்பாட்டி வைங்க."

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு சாரதி, "பதினோராம் கட்டிலுக்கு என்ன வருத்தம்?" என்றார். விதிப்படி கேட்கிறார் மனிதன். என்ன வருத்தம் என்று சொன்னால்தானே ஆயத்தமாக வரலாம். முட்டு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அது பொய். வெடிக்காயம் என்று சொன்னால் அந்த வட்டைக்காரரைக் கையில் பிடித்துக் கொடுத்ததாக முடியும். "அவசரம்" என்று திரும்பவும் சொன்னேன். சாரதி நெடுநாளாக அக்கரைத் துறையில் நோயாளிகளை இறக்கி ஏற்றிய ஆள். அவர் மறுபடி கேட்கவில்லை. "சரி மிஸி, நிக்கிறன்" என்று மட்டும் சொன்னார். அன்று ஒரு நாள்தான் அவர் எதையும் திருப்பிச் சொல்லாமல் விட்டது.

உழவு மிசின் பெட்டியில் வைக்கோலுக்கு மேல் அவரைக் கிடத்தி, கழுத்து வரை போர்த்தி, நானும் மனைவியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். துறையில் பாதை நின்றது. அதற்கு முன்னால், மர நிழலில், இரண்டு மோட்டார் சைக்கிள்கள். நேற்று வந்த மூவரும் நின்றார்கள். முன்னவரின் கையில் எங்களுடையதைப் போலவே ஒரு கறுப்புப் பெட்டி.

"ஆரு மிஸி?" என்றார்.

"பதினோராம் கட்டில்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல் கேட்டது.

அவர் மிசின் பெட்டிக்குக் கிட்ட வந்தார். போர்வையின் கால் பக்கத்தில் காயத்தின் ஈரம் ஊறி வட்டமாகத் தெரிந்தது. மனைவி அதன் மேல் தன் கையை வைத்து மறைத்தாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். வட்டைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, ஏதோ சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு முன்னவர் ஒதுங்கி வழி விட்டார். பாதையில் ஏற்றினோம். கரை தூரமாகும் வரை அவர்கள் மூவரும் அசையாமல் நின்று பார்த்தார்கள். முதுகில் எந்த நேரம் வெடி விழும் என்று எண்ணிக்கொண்டே நான் அந்த வாவியைக் கடந்தேன்.

அக்கரையில் சோதனை. டொக்டரின் கடிதத்தில் கட்டுத்துவக்கு என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்தச் சின்னப் பொடியன்தான் வாங்கிப் பார்த்தான். போர்வையைத் தூக்கினான், காலைக் கண்டான், முகத்தைத் திருப்பினான். "பதினொன்று?" என்றான். ஓம் என்றேன். போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அவனுக்கும் அந்த இலக்கம் முன்பே தெரிந்திருந்தது.

வட்டைக்காரர் பிழைத்தார். காலும் மிஞ்சியது, மடக்கத்தான் முடியாது. இதையெல்லாம் அறுவடை முடிந்த பிறகு அவருடைய மனைவி ஒரு பை நெல்லோடு வந்து சொன்னாள். ஆனால் நான் சொல்ல வந்தது வாவியைக் கடந்ததற்கு மறுநாள் நடந்தது.

மறுநாள் காலை. சாப்பாட்டு வண்டில் வந்துகொண்டிருந்தது. வோக்கி மேசையில் இருந்தது, வாட்டு முழுக்கக் கேட்கும்படி சத்தம் கூட்டி வைத்திருந்தோம். அது கரகரத்தது. "தங்கச்சி" என்றது ஓர் ஆண் குரல்.

டொக்டர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதில்லை. சாரதியின் குரலை நித்திரையிலும் எனக்குத் தெரியும். இது வேறு குரல். அமைதியான, வயதான, நம்முடைய ஊர்க்குரல். அந்த அலைவரிசையில் மூன்றாவதாக ஒருவர் பேசி நாங்கள் அதுவரை கேட்டதில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், பேசியதில்லை.

"தங்கச்சி, பதினொண்டு சுகமாப் போய்ச் சேந்திட்டுதா?"

பொத்தானை அழுத்தினேன். விட்டேன்.

"நல்லது" என்றது குரல். "பதினொண்ட எழும்பிக் குடுத்த ஐயா ஆறிலயே கிடக்கட்டும். இனிமே கட்டில மாத்தாதீங்க."

அதோடு நின்றுவிட்டது. பெரிய மிஸி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனை வருடமாக அவர் தொண்டை கிழியச் சொன்ன அதே வார்த்தைதான். ஐயா தானாக எழும்பிக் கொடுத்தது வோக்கியில் ஒருபோதும் சொல்லப்படவில்லை, தேடி வந்த மூவருக்கும் அது தெரியாது. நான் சொல்லவில்லை, டொக்டர் சொல்லவில்லை. அது தெரிந்தவர்கள் வாட்டுக்குள் இருந்தவர்கள் மட்டும்தான். கட்டில்களில் கிடந்தவர்கள், விசிறிக்கொண்டிருந்தவர்கள், சோறு பிசைந்து ஊட்டியவர்கள். கூரையைப் பார்த்த அத்தனை நல்ல சனங்களில் யாரோ ஒருவர். இது எனக்கு விளங்கியபோது மற்றவர்களுக்கும் விளங்கியிருக்க வேண்டும். வாட்டில் ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வாட்டில் யாரும் கட்டில் மாறவில்லை. புதிதாக வந்த ஒரு மாமியார் தன் மருமகனை மூன்றிலிருந்து மாற்றப் பார்த்தபோது பக்கத்துக் கட்டில்காரிகளே அவளுடைய கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். ஆறு பேரும் வடக்கே தலை வைத்துப் படுத்தார்கள்.

ஐயாவுக்கு முட்டு மோசமானது. பதினோராம் கட்டில் வெறுமையாகவே கிடந்தது, சன்னல் திறந்து, காற்றுத் தலையணைமேல் அடித்துக்கொண்டு. அவருடைய கண் அதிலேயே இருந்தது. எந்தத் திக்கும் ஒன்றுதான் என்று சொன்ன மனிதர், மூன்றாம் நாள் என் கையைப் பிடித்தார்.

"மகள், என்ட கட்டிலத் தாவன். காத்து வேணும்."

அவருடைய கட்டில் அது. தன்னுடைய காற்றை இன்னொருவனுக்குக் கொடுத்தவர் அவர். நாலு அடி தள்ளி இருக்கிற கட்டிலுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போக எனக்குத் தைரியம் வரவில்லை. போனால் யாரோ ஒருவர் பார்ப்பார், பார்த்ததை எங்கோ சொல்வார், அதன் பிறகு யார் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார் என்று தெரியாது.

தலையணையை எடுத்துக் கால்மாட்டில் வைத்தேன். பெரிய மிஸி ஓடிவந்து மற்றப் பக்கம் பிடித்தார். கட்டிலை அசைக்காமல், ஐயாவை மட்டும் மெல்லத் தூக்கித் திருப்பிக் கிடத்தினோம். தலை தெற்கே, சன்னலைப் பார்த்து. காற்று அவர் முகத்துக்கு வந்தது. சாப்பாட்டு வண்டில் முட்டாமல் இருக்க ஆட்கள் உட்காரும் வாங்கு ஒன்றை இழுத்து நடுவழியில் போட்டேன். சுவரில் இலக்கம் ஆறாகவே இருந்தது.

ஐயா இரண்டு மூன்று தரம் ஆழமாக இழுத்தார். கொஞ்சம் சிரித்தார். பிறகு மெதுவாக, "உங்கட வோக்கிக்காரனுக்கு இது தெரியவராதா, மகள்?" என்று கேட்டார்.

"தெரியவராது, ஐயா" என்றேன்.

அதை அவருடைய காதுக்குள் குனிந்து, மூச்சளவில்தான் சொன்னேன். வோக்கி அணைத்து இருந்தது. அதன் பற்றரியையும் நான் காலையிலேயே கழற்றி மேசையில் தனியாக வைத்திருந்தேன். மற்றக் கட்டில்கள் எல்லாம் ஒரு இருமல் கூட இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தன.